ஒரு சேனலை மட்டும் மாற்றுங்கள்: மேம்படுத்திய குவாட் 405-ஐக் கேட்டு எடைபோடும் முறை

பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றைத் திறந்து, ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறிய ஐசி), கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றி, மூடியைப் போட்டுப் பாட்டை வைத்தால் கட்டாயம் "நல்லா இருக்கு" என்றுதான் தோன்றும். பழைய ஒலியைக் கடைசியாகக் கேட்டது மூன்று நாளைக்கு முன்பு. நடுவில் ஸ்பீக்கர் ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும், வால்யூம் குமிழ் வேறு இடத்தில் நிற்கும், கையில் சால்டர் சூடு பட்ட தழும்பும் இருக்கும். அந்த நிலையில் எழுதும் கேட்பனுபவத்தை நம்பி இன்னொருவர் காசு போட முடியாது. நம்பக்கூடிய குறிப்பு எழுத வழி இருக்கிறது. இரண்டு சேனலையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, மற்றதைத் தொடாமல் விட்டால், ஒப்பிட வேண்டிய பழைய ஆம்ப் அதே பெட்டிக்குள் உயிரோடு இருக்கும்.

இதற்கு குவாட் 405 மிகப் பொருத்தமான ஆம்ப். இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் இருந்த குவாட் நிறுவனம் 1975-ல் வெளியிட்டது. பீட்டர் வாக்கரும் மைக்கேல் ஆல்பின்சனும் உருவாக்கிய "கரண்ட் டம்பிங்" சுற்று: சிறிய, துல்லியமான ஆம்ப் ஒன்று பெரிய டிரான்சிஸ்டர்களின் பிழையைத் திருத்தும் அமைப்பு. 8 ஓமில் 100 வாட். இரண்டு சேனலுக்கும் தனித்தனியாக ஒரே மாதிரி இரண்டு போர்டு, நடுவில் பொதுவான பவர் சப்ளை. பயாஸ் (சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) சரிசெய்யும் குமிழ் எதுவும் கிடையாது. அதனால் "ஒரு பக்கம் பயாஸ் கொஞ்சம் கூட" என்ற சந்தேகமே எழாது. பழைய ஆம்ப்களில் இது பெரிய நிம்மதி.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஒவ்வொன்றிலும் சுமார் 50 வோல்ட். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது பலர் செய்யும் தவறு: முனை உருகும், கெப்பாசிட்டரும் கெடும். 470 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட வயர் சேர்த்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனையிலும் அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். மெயின்ஸ் வயரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது ஆப்-ஆம்ப். தொடக்க கால போர்டுகளில் எல்எம்301ஏ இருக்கும். பிற்காலத்தில் குவாட்டே டிஎல்071-க்குப் போனது. ஓபிஏ134 போடுபவர்களும் நிறைய. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்எம்301ஏ-க்கு 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே ஒரு சிறிய காம்பன்சேஷன் கெப்பாசிட்டர் (ஊசலாடாமல் காப்பது) தேவை. புதிய ஐசிக்கு அது தேவையில்லை. ஓபிஏ134-ல் அதே இரண்டு கால்களும் ஆஃப்செட் (அவுட்புட்டில் வரும் சிறு டிசி) சரிசெய்வதற்கானவை. பழைய கெப்பாசிட்டரை அங்கே விட்டுவைத்தால் தேவையற்ற இடத்தில் சிக்னலுக்கு வழி திறந்துவிடும். கழற்றிவிடுங்கள். ஐசியின் 4, 7-ஆம் கால்களிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் செராமிக் ஒவ்வொன்று, கால் நீளம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வையுங்கள். இது இல்லாவிட்டால் வேகமான ஐசி காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஊசலாடும். அந்த ஊசலாட்டம் ட்ரெபிளில் ஒரு பளபளப்பாகத் தெரியும். "டீட்டெய்ல் கூடிவிட்டது" என்று மகிழ்ந்து எழுதப்படும் குறிப்புகளில் சிலவற்றின் பின்னால் இந்தக் கோளாறு இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

ஐசியை மாற்றும் முன்பும் பின்பும் அதன் சப்ளை வோல்ட்டேஜை அளந்து எழுதி வையுங்கள். எல்எம்301ஏ எடுக்கும் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர் அளவில். ஓபிஏ134 சுமார் 4. ஜீனர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் டையோடு) வழியாக வரும் சப்ளை இந்தக் கூடுதல் சுமையில் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், ஜீனர் பட்டினி கிடக்கிறது என்று பொருள். அந்த ஐசி அந்த இடத்துக்கு ஆகாது, அல்லது மேலிருந்து வரும் ரெசிஸ்டரைக் குறைக்க வேண்டும்.

தொடக் கூடாதவை நான்கு: 47 ஓம் ரெசிஸ்டர், 500 ஓம் ரெசிஸ்டர், 120 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர், 3 மைக்ரோஹென்ரி காயில். இந்த நான்கும் சேர்ந்ததுதான் கரண்ட் டம்பிங் பாலம். 47 × 500 × 120 பிக்கோஃபாரட் = 2.82 மைக்ரோஹென்ரி, காயிலின் 3-க்கு மிக அருகில். இந்தச் சமநிலைதான் பெரிய டிரான்சிஸ்டர்களின் பிழையை வெளியே வரவிடாமல் அடிக்கிறது. "ஆடியோ கிரேடு" என்று 150 பிக்கோஃபாரட் ஒன்றைப் போட்டால் 3.5 வந்துவிடும், பாலம் சாயும், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) மேல் அலைவரிசையில் ஏறும். அந்த 120 பழுதாகியிருந்தால் அதே மதிப்பில் சில்வர் மைக்கா அல்லது நல்ல பாலிஸ்டைரீன் போடுங்கள். மதிப்பு மட்டும் மாறக் கூடாது.

இன்புட்டில் வரும் கப்ளிங் கெப்பாசிட்டரை (டிசியைத் தடுத்து, பாட்டின் சிக்னலை மட்டும் விடுவது) மாற்றுபவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 159-ஐ, கிலோ ஓமில் உள்ள ரெசிஸ்டன்ஸாலும் மைக்ரோஃபாரடில் உள்ள மதிப்பாலும் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். 20 கிலோ ஓமுக்கு 1 மைக்ரோஃபாரட் என்றால் 8 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸில் இழப்பு 0.6 டெசிபெல்தான். இடம் போதவில்லை என்று 0.47 போட்டால் 17 ஹெர்ட்ஸ். 20 ஹெர்ட்ஸில் 2.4 டெசிபெல் போய்விடும். கேட்பவர் "பேஸ் இறுக்கமாகிவிட்டது" என்பார். பேஸ் இறுகவில்லை, குறைந்திருக்கிறது. அந்த வித்தியாசம் பணம் கொடுத்து வாங்கிய கெப்பாசிட்டரின் குணம் என்று எழுதினால் அது பிழையான தகவல்.

முதல் மின்சாரம்

மாற்றிய பின் நேரடியாக மெயின்ஸில் போடாதீர்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போடுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட். அடுத்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஒவ்வொரு அவுட்புட்டிலும் டிசி அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. அரை மணி நேரம் விட்டு மீண்டும் அளந்து, எண் நிலைத்ததா என்று பாருங்கள். 405 சும்மா இருக்கும்போது ஹீட்சிங்க் லேசான வெதுவெதுப்புக்கு மேல் போகாது. பாட்டே இல்லாமல் கை வைக்க முடியாத சூடு என்றால் ஊசலாட்டம். அணைத்துவிட்டு அந்த 100 நானோஃபாரட்களைப் பாருங்கள். ஆஸிலோஸ்கோப் இருந்தால் நேராகவே தெரியும்.

இன்னொரு விஷயம் சிக்னல் அளவு. 405-க்கு முழு 100 வாட்டுக்கு அரை வோல்ட் போதும். சிடி பிளேயரும் இன்றைய டாக்குகளும் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவிகள்) 2 வோல்ட் தருகின்றன. அதாவது 12 டெசிபெல் அதிகம். அப்படியே கொடுத்தால் குமிழின் முதல் கால்வாசிக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும், இரைச்சலும் கூடும். 3.3 கிலோ ஓம் தொடராக, 1.2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு: இந்த இரண்டு ரெசிஸ்டர் போதும், 12 டெசிபெல் குறையும். சில ரூபாய்ப் பொருள். ஆப்-ஆம்ப் மாற்றுவதைவிட இது தரும் நன்மை பல வீடுகளில் அதிகமாக இருக்கும்.

இணைப்பும் சமன்படுத்தலும்

ஒரே மோனோ சிக்னலை ஒய்-கேபிள் வழியாக இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். பழைய 405-ல் இன்புட் நான்கு பின் டின் சாக்கெட்; ஆர்சிஏ-வுக்கு மாற்றும்போது கிரவுண்ட் சால்டர் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் ஹம் வரும். அந்தப் பழியைப் போர்டின் மேல் போடாதீர்கள். வெளியே ஒரே ஒரு ஸ்பீக்கர். இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றுதான் என்பதால் சிவப்பை மட்டும் மாற்றினால் போதும். 10 ஆம்பியர் தாங்கும், நடுவில் நின்றால் எதையும் தொடாத டாகிள் ஸ்விட்ச் வாங்குங்கள்; கடையில் "ஆன்-ஆஃப்-ஆன்" என்று கேட்டால் கொடுப்பார்கள். சாதாரண ஸ்விட்ச் மாறும் கணத்தில் இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று தொட்டால் டிரான்சிஸ்டர் போகும். ஸ்பீக்கர் இல்லாமல் நிற்கும் சேனலைப் பற்றிக் கவலை வேண்டாம், டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைத் தாங்கும். இதே முறையை வால்வு ஆம்ப்பில் செய்பவர்கள் மட்டும், ஓய்வில் இருக்கும் பக்கத்துக்கு ஒரு டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு பெரிய ரெசிஸ்டர்) கட்டாயம் கொடுக்க வேண்டும்.

இனி அளவு. இதில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் பொய்யாகின்றன. அரை டெசிபெல் கூடுதலாக இருக்கும் பக்கம் காதுக்குச் "சத்தம் கூட" என்று தெரியாது. "தெளிவு, உயிர், இடம்" என்று தெரியும். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, ஒரு சேனலை 2.83 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். 8 ஓமில் அது 1 வாட். மற்ற சேனல் அதிலிருந்து 33 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் 0.1 டெசிபெல். மீட்டர் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் அதே மீட்டர்தானே. கூடுதலாக இருக்கும் சேனலின் இன்புட்டில் 1 கிலோ ஓம் டிரிம்மர் (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராக வைத்தால், 0.4 டெசிபெல் வரை மெதுவாக இறக்கலாம். அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் டிரிம்மரால் மறைக்காதீர்கள். ஏதோ ஒரு ரெசிஸ்டர் மதிப்பு தவறு.

வித்தியாசத்தை மட்டும் கேட்பது

இந்த வேலையில் மிகவும் கற்றுக்கொடுக்கும் சோதனை இதுதான். ஒவ்வொரு சேனலின் அவுட்புட்டுக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஸ்பீக்கரை எடுத்து, அதன் இரண்டு வயரையும் இரண்டு சிவப்பு முனைகளில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஸ்பீக்கரின் குறுக்கே வோல்ட்டேஜ் இல்லை; அமைதி. எதில் வேறுபடுகின்றனவோ அது மட்டும் ஒலிக்கும். வால்யூமை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். சில மாற்று போர்டுகள் சிக்னலைத் தலைகீழாக்கும்; அப்படியானால் அமைதிக்குப் பதில் இரட்டிப்புச் சத்தம் வரும், உடனே நிறுத்த வேண்டும்.

முதலில் முழுப் பாட்டும் பக்கத்து வீட்டு ரேடியோ போலச் சன்னமாகக் கேட்கும். அது வெறும் அளவு வித்தியாசம். டிரிம்மரைத் துளித்துளியாகத் திருப்பினால் பாட்டு மெலிந்துகொண்டே போய், ஓரிடத்தில் குரல் மறைந்து, ஜால்ரா ஒலியும் "ஸ"கரமும் மட்டும் ஊசி முனை போல நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலைச் சொல் வரும், தொப்பி வராது. இப்படி எஞ்சுவது மேல் அலைவரிசையில் ஃபேஸ் (அலையின் நேரம்) வேறுபாடு. மாறாக அடியில் "தொம் தொம்" மட்டும் எஞ்சினால் கப்ளிங் கெப்பாசிட்டர் மதிப்பு மாறியிருக்கிறது. கரகரவென்று, பாட்டின் உரத்த இடங்களில் மட்டும் எட்டிப் பார்த்தால் டிஸ்டார்ஷன் அல்லது கிளிப்பிங் (ஆம்பின் எல்லையைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படுவது). மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கும்; ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது.

எண்ணாகவும் பார்க்கலாம். 2.83 வோல்ட்டில் இரண்டு சிவப்புக்கும் நடுவே 28 மில்லிவோல்ட் என்றால் வித்தியாசம் 40 டெசிபெல் கீழே. 2.8 மில்லிவோல்ட் என்றால் 60 டெசிபெல் கீழே; சாதாரண ஸ்பீக்கரில் அது மின்விசிறிச் சத்தத்துக்குள் முழுகிவிடும். இதைத் தனியாகக் கேட்டாலே காதுக்கு எட்டவில்லை என்றால், முழுப் பாட்டின் நடுவே அது "மேடை அகலத்தை" மாற்றியது என்று எழுத வழியில்லை. தனியாகக் கேட்கிறது என்பதாலேயே பாட்டோடு சேர்த்துக் கேட்கும் என்றும் ஆகாது. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைக்கும். அதற்குத்தான் அடுத்த கட்டம்.

ஒன்று மறக்காமல் செய்யுங்கள். எந்த மாற்றமும் செய்யும் முன்பே இந்த அளவை ஒருமுறை எடுத்து எழுதி வையுங்கள். ரெசிஸ்டர்களின் சிறு வேறுபாட்டால் பழைய இரண்டு போர்டுகளுக்குள்ளேயே ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த எண் இல்லாமல் பின்னால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

மறைத்துக் கேட்பது

ஸ்விட்சை இன்னொருவர் கையில் கொடுங்கள். அவர் நாணயம் சுண்டிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். முகம் உங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்கள் முதலில் பழையது எது, புதியது எது என்று தெரிந்தே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுப் பழகுங்கள். பிறகு 16 சுற்று. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9, 10 என்றால் நாணயமும் அதைச் சொல்லியிருக்கும். இடையில் களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

துண்டு 10 முதல் 20 நொடிதான் இருக்க வேண்டும். ஒலியின் நுணுக்கத்தைக் காது அதற்குமேல் நினைவில் வைக்காது. முழுக் கச்சேரியையும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை கேட்டு ஒப்பிடுவது வீண். நன்கு தெரிந்த, கூட்டமில்லாத பதிவுகளை எடுங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கம் மிக நல்லது: ஜீவாவின் (தந்திக்குக் கீழே வைக்கும் நூலின்) ரீங்காரம் மேல் சுரங்கள் நிறைந்தது, நெடுநேரம் மாறாமல் நிற்பது. வீணையில் மீட்டுக்கு அடுத்த அரை நொடி. பெண் குரலில் "ஸ", "ச". மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் கும்கி. அலைவரிசை வேறுபாட்டுக்கு இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான சோதனை பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசைகளும் கலந்த, அருவி போன்ற சோதனை இரைச்சல்); 0.3 டெசிபெல் சாய்வுகூட நிறம் மாறியது போலத் தெரியும். அழகாக இருக்காது, ஆனால் உண்மை சொல்லும்.

16-க்கு 8 வந்தால் மனம் உடைய வேண்டியதில்லை. 1978-ல் ஜேம்ஸ் மோயர் குவாட்டுக்காக நடத்திய சோதனையில் 1953-ன் வால்வு குவாட் II, 1967-ன் 303, புதிய 405 மூன்றையும் அனுபவமுள்ள கேட்பாளர்களால் நம்பத்தகுந்த அளவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிளிப்பிங் இல்லாமல், அளவு சமமாக இருக்கும்போது நல்ல ஆம்ப்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். நாற்பது ஆண்டு பழைய கெப்பாசிட்டரை மாற்றியது அப்போதும் வீண் இல்லை. அது அடுத்த இருபது ஆண்டுக்கான பராமரிப்பு.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பவர் சப்ளை பொதுவானது என்பதால் அந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றிய பலனை இப்படிக் கேட்க முடியாது. அதற்கு, மாற்றும் முன்பும் பின்பும் அவுட்புட்டை அதே அளவில் 24 பிட்டில் பதிவு செய்து கணினியில் ஒப்பிட வேண்டும். மேடை அகலம், இடவலப் பிரிவு போன்றவற்றை ஒற்றை ஸ்பீக்கரில் எடைபோட முடியாது; அவற்றைப் பற்றி இந்தக் கட்டத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

எழுதும்போது

"திரை விலகியது போல" என்பது படிப்பவருக்கு எதையும் தராது. இரைச்சலை இப்படி எழுதலாம்: "சிக்னல் இல்லாமல், இரவு 11 மணிக்கு, மின்விசிறி அணைத்த அறையில், பழைய சேனலின் சீறல் டிவீட்டரிலிருந்து (மேல் அலைவரிசைக்கான சிறிய ஸ்பீக்கர்) 30 செ.மீ. வரை கேட்கிறது, புதியது 12 செ.மீ.-க்கு அப்பால் கேட்கவில்லை." இதைப் படிப்பவர் தன் வீட்டில் காதை வைத்துச் சரிபார்க்கலாம். ஒலி மாற்றத்தை எழுதும்போது எந்தப் பதிவு, எந்த நொடி, என்ன வாத்தியம், எத்தனைக்கு எத்தனை சரி, அளவு எவ்வளவு சமன், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று சேர்த்து எழுதுங்கள். "பிரகாசம்" என்று எழுதத் தோன்றினால் 10 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பக்க வோல்ட்டேஜையும் அளந்துவிட்டு எழுதுங்கள். "பர்ன்-இன் (புதிய பாகங்கள் சில மணி நேரம் ஓடிப் பழகுவது) ஆனதும் இன்னும் மென்மையானது" என்று தோன்றினால், 50 மணி நேரம் கழித்து இரண்டு சிவப்பு முனைகளுக்கு நடுவே உள்ள எண்ணை மீண்டும் பாருங்கள். எண் அசையவில்லை என்றால் பழகியது உங்கள் காது.

முடிவு பிடித்திருந்தால் அடுத்த போர்டையும் அதே பொருட்களால் மாற்றுங்கள். கழற்றிய ஐசி, கெப்பாசிட்டர்களை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைப்பது அடுத்து திறப்பவருக்குச் செய்யும் உதவி. பிறகு வித்தியாசச் சோதனையைக் கடைசியாக ஒருமுறை செய்யுங்கள். எண் தொடக்கத்தில் எழுதிவைத்த அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டில் ஒரு போர்டில் ரெசிஸ்டர் மாறியிருக்கிறது, காம்பன்சேஷன் கெப்பாசிட்டர் கழற்றாமல் நிற்கிறது, அல்லது ஒரு சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. ஸ்பீக்கரை இன்னும் மாட்டாதீர்கள், மூடியைத் திறந்து அதைத் தேடுங்கள்.